குழந்தை நல மருத்துவராக வேண்டுமா? பிளஸ் ஒன் முதல் எம்.டி. வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுத்தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில், குழந்தைகள் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும் பெற்றோரில் சிலர் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். "மூத்தவள் குழந்தை டாக்டராக வேண்டும் என்கிறாள். என்ன குரூப் எடுக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்?" என்று கேட்பார்கள். வரிசை நீண்டு நிற்கும்போது முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் கேள்விகளையும், மாணவர்களே நேரில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. சேர்க்கை விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

குழந்தை மருத்துவத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு இருக்கிறதா?

இல்லை. பிளஸ் டூ முடித்ததும் நேராகக் குழந்தை மருத்துவத்தில் சேர முடியாது. முதலில் எல்லோரையும் போல எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும். அதன் பிறகே முதுநிலையில் குழந்தை மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொத்தம் எத்தனை ஆண்டுகள் ஆகும்?

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுகள், அதோடு ஓராண்டு கட்டாயப் பயிற்சி. நம் ஊரில் இதை ஹவுஸ் சர்ஜன் என்றும் சி.ஆர்.ஆர்.ஐ. என்றும் சொல்வார்கள். பிறகு முதுநிலைப் பட்டமான எம்.டி. மூன்று ஆண்டுகள். ஆக எட்டரை ஆண்டுகள். நடுவில் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கென்று ஓராண்டாவது போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினேழு, பதினெட்டு வயதில் தொடங்கும் பிள்ளை 27 வயதையொட்டிக் குழந்தை நல மருத்துவராக நிற்கலாம். பச்சிளங்குழந்தை மருத்துவம், குழந்தை இதய மருத்துவம் என்று இன்னும் ஆழமாகப் போக நினைத்தால் மேலும் மூன்று ஆண்டுகள்.

நீளமான பாதைதான். ஆனால் பெற்றோர் பயப்படுவதுபோல அத்தனை ஆண்டுகளும் வீட்டுப் பணத்தில் ஓடுவதில்லை. ஹவுஸ் சர்ஜன் பயிற்சியின்போதும் முதுநிலைப் படிப்பின்போதும் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு செய்துகொண்டவர் மருத்துவராகப் பணியாற்றிச் சம்பாதிக்கவும் முடியும்.

பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்?

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். உயிரியலுடன் கணிதமும் உள்ள குரூப், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள குரூப், இரண்டில் எதை எடுத்தாலும் நீட் எழுதலாம். கணிதத்தோடு உயிரியலும் உள்ள குரூப்பையே நான் பரிந்துரைப்பேன். மருத்துவம் கிடைக்காமல் போனால் பொறியியலும் மற்ற அறிவியல் படிப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கணிதம் பெரும் சுமையாகிற பிள்ளையை மட்டும் வற்புறுத்த வேண்டாம்.

வயது விதியையும் கவனியுங்கள். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சீக்கிரமே பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் சிலர் இதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

குழந்தைகளுக்கான மருத்துவத்தில் கணக்கு எதற்கு?

பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று எழுதிவிடலாம். குழந்தைக்கு ஒவ்வொரு மருந்தையும் எடைக்கேற்பக் கணக்கிட வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 180 மில்லிகிராம் வருகிறது. கடையில் இருக்கும் சிரப் ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்து, அதில் 7.5 மில்லி கொடுக்க வேண்டும். இன்னொரு சிரப்பில் 5 மில்லியில் 250 மில்லிகிராம், அதில் 3.6 மில்லி போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம், அதில் 1.8 மில்லிதான். மூன்றும் ஒரே மருந்து. சிரப்புக்குச் சொன்ன 7.5 மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு நான்கு மடங்குக்கு மேல் போய்விடும்.

இது ஏழாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, குழந்தை அலறிக்கொண்டிருக்க, சுற்றிலும் உறவினர்கள் பதறிக்கொண்டிருக்க, தசமப் புள்ளி இடம் மாறாமல் போட வேண்டும். கணக்குப் போட்டு முடித்த பிறகும் தாயிடம் புட்டியைக் காட்டி, அளவு மூடியில் எந்தக் கோடு வரை என்று விரல் வைத்துச் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் உள்ளவரையே நான் நல்ல குழந்தை மருத்துவர் என்பேன்.

நீட் தேர்வு எப்படி இருக்கும்? தமிழில் எழுதலாமா?

2025-இல் நடந்த முறைப்படி 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். தமிழிலும் எழுதலாம். வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும்.

பாதி மதிப்பெண் உயிரியலில் இருப்பதால் அதை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உயிரியலை எல்லோரும் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். தரவரிசையில் ஆளைப் பிரிப்பது இயற்பியல்தான். பிளஸ் ஒன் விடுமுறையிலிருந்தே இயற்பியல் கணக்குகளை நாள்தோறும் போட்டுப் பழகுவது நல்லது.

தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படிக்கிறேன். எனக்கு வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2020-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு அணிந்து வார்டுக்குள் வருவதை இந்த ஒதுக்கீட்டால் கண்ணெதிரே பார்க்கிறோம். நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாறினாலும் இந்த வாய்ப்பை இழக்க நேரிடும். பிளஸ் ஒன்னில் "நல்ல கோச்சிங் இருக்கிறது" என்று சொல்லிப் பள்ளி மாற்றுகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

கல்லூரிக்குள் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில்தான். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழும்போது தமிழ்வழிப் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். முதல் சில மாதங்கள் கடினமாகத்தான் இருக்கும். மூத்த மாணவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். வகுப்பில் புரியாத சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். வார்டுக்குப் போகத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். நோயாளியின் பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாக இருக்கும். தாய் சொல்வதை அவள் சொல்கிற வேகத்திலேயே புரிந்துகொள்ளும் மாணவர், குழந்தைகள் வார்டில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பார்.

எவ்வளவு செலவாகும்?

எங்கே இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் லட்சங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அதன் மேல் விடுதி, உணவு, புத்தகம்.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இருக்கிற வீட்டையும் நிலத்தையும் விற்று எம்.பி.பி.எஸ். இடம் வாங்காதீர்கள். எம்.பி.பி.எஸ்.ஸோடு பாதை முடியவில்லை. முதுநிலைக்குத் தனியார் கல்லூரியை நாட வேண்டி வந்தால் இன்னொரு பெரும் தொகை காத்திருக்கிறது. கடன் கழுத்தைப் பிடிக்கும்போது, பிடித்த துறையை விட்டுவிட்டு விரைவாகக் காசு வரும் துறையைத் தேடுகிறார்கள். குழந்தை மருத்துவத்தில் எடுத்த எடுப்பில் பெரும் வருமானம் வராது. பெரிய அறுவைச் சிகிச்சைக் கட்டணங்கள் இதில் இல்லை. நேரம் கொடுத்துப் பார்த்து, பேசி, ஆலோசனை சொல்லி வாங்கும் கட்டணம்தான். நிலையான, மதிப்பான வாழ்க்கை அமையும். கடன் அடைக்கும் வழியாக மட்டும் இதைப் பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வந்து இங்கே குழந்தை மருத்துவம் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் நிபந்தனைகள் பல. போகும் முன்பே நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது, பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும், படித்த அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். திரும்பி வந்து வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அதன் மேல் இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதுநிலை பற்றிப் பேச முடியும். ஏஜென்ட் காட்டும் வண்ணக் கையேட்டில் இந்தக் கணக்கு இருக்காது. ஒவ்வொரு நிபந்தனையையும் அந்தக் கல்லூரி நிறைவு செய்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.

நீட்டில் முதல்முறை கிடைக்கவில்லை. மறுபடி எழுதலாமா?

இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இப்போது இல்லை. ஓராண்டு முழு மூச்சாகத் தயாராவதில் தவறே இல்லை. என்னோடு பணியாற்றும் நல்ல மருத்துவர்கள் சிலர் அப்படி வந்தவர்கள்தான். இரண்டாம் முறையும் கிடைக்கவில்லையென்றால், ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதுவது நல்லது. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் அறைக்குள் முடங்கினால் தேர்வைப் பற்றிய பேச்சை அன்றே நிறுத்திவிட்டு மனநல ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணில் மாணவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும்.

பள்ளியில் இருக்கும்போதே குழந்தை மருத்துவத்துக்கென்று என்ன செய்யலாம்?

தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. உங்கள் தெரு அங்கன்வாடியில் குழந்தைகளை எடை போடும் நாளில் அனுமதி கேட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். பிறந்தபோது ஏறத்தாழ மூன்று கிலோ இருந்த குழந்தை ஐந்து மாதத்தில் இரு மடங்காகவும், ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆக வேண்டும். அந்த வளர்ச்சி அட்டையில் கோடு எங்கே மேலே போகிறது, எங்கே படுத்துவிடுகிறது என்று பாருங்கள். ஒரு கோடு படுத்துக் கிடந்தால் அதன் பின்னால் வயிற்றுப்போக்கு இருக்கலாம், தாயின் வேலை இருக்கலாம், வீட்டில் பால் வாங்கப் பணமில்லாமல் இருக்கலாம். குழந்தை மருத்துவத்தின் பெரும்பகுதி அந்தக் கோட்டைப் படிப்பதுதான்.

குழந்தைகள் என்றால் எனக்கு உயிர். அது போதுமா?

அது தொடக்கம். இந்தத் துறையில் நாளெல்லாம் நீங்கள் பேசப்போவது குழந்தையோடு அல்ல, தாயோடும் பாட்டியோடும்தான். நோயாளியால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. சொல்கிறவர் பயந்திருக்கிறார், தூங்காமல் இருக்கிறார், சில நேரம் கோபமாகவும் இருக்கிறார். "மாந்தம் டாக்டர்", "உரம் விழுந்துவிட்டது", "சீர் தட்டியிருக்கிறது", "தொக்கம் எடுத்தோம்" என்று நாட்டு வைத்தியப் பேச்சோடு வந்து நிற்பார்கள். இவற்றைக் கேட்டு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் அந்தத் தாய் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டாள். பிறந்த குழந்தைக்கு வீட்டில் சேனை என்று நாக்கில் இனிப்புத் தடவினார்களா, நாட்டு மருந்தை உரைத்துக் கொடுத்தார்களா, தெருவில் வந்த கழுதைப்பாலை ஊற்றினார்களா என்பதெல்லாம் நமக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பதைப் பாட்டியின் மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

பார்க்கும் கண் அதைவிட முக்கியம். நிமோனியா சந்தேகத்தோடு வரும் குழந்தையைப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவர் எடுத்தவுடன் ஸ்டெத்தாஸ்கோப்பை எடுப்பதில்லை. தாயின் மடியிலேயே குழந்தை இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சட்டையை மெல்ல மேலே தூக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார். குழந்தை அழத் தொடங்கிவிட்டால் அந்த எண்ணிக்கை எதற்கும் உதவாது. அதனால்தான் தொண்டையையும் காதையும் கடைசியில் பார்ப்பது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்கள் உண்டு. சின்னக் குழந்தையின் மூச்சு சீராக வராது. நின்று நின்று வரும். அதனால் முழு நிமிடம் எண்ணியே ஆக வேண்டும். அந்தப் பொறுமை உங்களுக்கு வாய்க்குமா என்பதுதான் கேள்வி.

இறப்புகளும் உண்டு. நேற்று வரை சிரித்துக்கொண்டிருந்த குழந்தையை இழந்த வீட்டாருக்கு அதைச் சொல்கிறவராகவும் நீங்கள்தான் இருக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு எந்தக் கல்லூரியிலும் முழுமையாகப் பயிற்சி கிடைப்பதில்லை. மூத்தவர்கள் பேசும்போது அருகில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த நினைக்கவில்லை. தெரிந்துகொண்டு வருகிறவர்கள் இந்தத் துறையில் நிலைத்து நிற்கிறார்கள்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது குழந்தை மருத்துவம் எப்போது வரும்?

பாடமாக இறுதிப் பகுதியில், பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு ஆகியவற்றோடு சேர்ந்து வரும். அதற்கு முன்பே வார்டுப் பணிகளில் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் இங்கே கிடைப்பது சில வாரங்கள்தான். விருப்பப் பணிக்கென்று ஒதுக்கியுள்ள வாரங்களையும் குழந்தைகள் பிரிவிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையான முடிவை எடுக்க வேண்டிய இடம் அந்த வார்டுதான். பிளஸ் ஒன் மாணவி "நான் குழந்தை டாக்டர்தான் ஆவேன்" என்று சொல்வது அழகான ஆசை. அதை மதிக்க வேண்டும். ஆனால் அதையே சபதமாக்கிவிடாதீர்கள். ஆறாண்டு கழித்து அவளுக்கு மகப்பேறு மருத்துவமோ மயக்க மருந்தியலோ பிடித்துப்போகலாம். மாறாக, குழந்தைகளைப் பற்றி நினைத்தே பார்க்காத ஒரு மாணவன், குறைமாதக் குழந்தை தாயின் நெஞ்சோடு கங்காரு முறையில் கிடந்து எடை கூடுவதைப் பார்த்துவிட்டு இந்தத் துறைக்கு வந்துவிடுகிறான். இப்போது திட்டமிட வேண்டியது எம்.பி.பி.எஸ். இடம் வரை. துறையை வார்டில் நின்று தேர்ந்தெடுங்கள்.

முதுநிலை இடம் எப்படிக் கிடைக்கும்?

முதுநிலை நீட் தேர்வு வழியாக. 200 கேள்விகள், கணினியில் எழுத வேண்டும். எம்.பி.பி.எஸ்.ஸில் படித்த எல்லாப் பாடங்களிலிருந்தும் கேட்பார்கள். குழந்தை மருத்துவத்தில் மட்டும் புலியாக இருந்து பயனில்லை. முதலாண்டு உடற்கூறியல்கூடத் திரும்பி வரும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் மீதி மாநிலக் கலந்தாய்வுக்கும் போகின்றன. எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் முதுநிலை நிறுவனம் போன்றவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. அது ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது.

குழந்தை மருத்துவம் கலந்தாய்வில் சீக்கிரம் நிரம்பும் துறைகளில் ஒன்று. தரவரிசை நன்றாக இருந்தால்தான் விரும்பிய கல்லூரி கிடைக்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட, அங்கே எத்தனை குழந்தைகள் வருகிறார்கள் என்று பாருங்கள். சென்னை எழும்பூரில், சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த குழந்தைகள் நல நிலையம் போன்ற இடத்தில் ஒரு மாதத்தில் பார்க்கும் நோய்களின் வகையை நோயாளிகள் குறைந்த கல்லூரியில் மூன்றாண்டிலும் பார்க்க முடியாது.

மருத்துவர்களுக்கான பொது இறுதித் தேர்வு ஒன்று 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால் முதுநிலைச் சேர்க்கை அதன் வழியாக மாறும். இன்று பள்ளியில் இருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எம்.டி., டி.என்.பி., டி.சி.எச். மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

எம்.டி. என்பது மருத்துவக் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டம். டி.என்.பி.யும் மூன்றாண்டுதான், தேசியத் தேர்வு வாரியம் வழங்குவது, அங்கீகாரம் பெற்ற பெரிய மருத்துவமனைகளில் படிக்கலாம். டி.சி.எச். இரண்டாண்டுப் பட்டயம். அந்த இடங்கள் பல எம்.டி. இடங்களாக மாற்றப்பட்டுவிட்டதால் எண்ணிக்கை குறைந்துவிட்டது. தேசியத் தேர்வு வாரியமும் குழந்தை மருத்துவத்தில் இரண்டாண்டுப் பட்டயம் நடத்துகிறது. பட்டயம் முடித்தவர்கள் மேலும் இரண்டாண்டு படித்து டி.என்.பி. பெற வழி இருக்கிறது. எம்.டி. கிடைக்கும் வரை ஆண்டுகளை வீணடிப்பதைவிட, பட்டயத்தில் நுழைந்து அங்கிருந்து ஏறுவது பல பேருக்கு நல்ல வழியாக அமைந்திருக்கிறது.

இணையத்தில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் பல உண்டு. அறிவை வளர்க்க உதவும். அவற்றை வைத்துக்கொண்டு குழந்தை நல நிபுணர் என்று பெயர்ப் பலகை வைக்க முடியாது.

குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய விரும்பினால்?

அது வேறு பாதை. எம்.எஸ். பொது அறுவைச் சிகிச்சை முடித்து, எம்.சி.எச். குழந்தை அறுவைச் சிகிச்சைக்குப் போவதே வழக்கமான வழி. எம்.டி. குழந்தை மருத்துவம் படித்துவிட்டு அங்கே தாவ முடியாது. இதயம், நரம்பு, சிறுநீரகம், பச்சிளங்குழந்தை, தீவிர சிகிச்சை ஆகியவற்றில் அறுவைச் சிகிச்சை அல்லாத மருத்துவ மேற்படிப்பு வேண்டுமென்றால் எம்.டி.க்குப் பிறகு மூன்றாண்டு டி.எம்.

சித்த மருத்துவத்தில் குழந்தை மருத்துவம் உண்டா?

உண்டு. சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். முடித்து, எம்.டி. சித்தாவில் குழந்தை மருத்துவத்தையே தனித்துறையாகப் படிக்கலாம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இந்தத் துறை இருக்கிறது. பி.எஸ்.எம்.எஸ். சேர்க்கைக்கு இங்கும் நீட் வேண்டும். இதை எம்.பி.பி.எஸ். கிடைக்காததற்கு மாற்றாக எடுக்காமல், சித்தத்தில் ஈடுபாடு இருந்தால் எடுங்கள். இரண்டும் வெவ்வேறு மருத்துவ முறைகள்.

அரசுப் பணியில் இருந்துகொண்டே முதுநிலை படிக்கலாமா?

படிக்கலாம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்லும் வழி இது. எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் உதவி மருத்துவராகத் தேர்வாகி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேரலாம். தேவையான காலம் பணியாற்றிய பிறகு, மாநில ஒதுக்கீட்டில் அரசு மருத்துவர்களுக்கென்று உள்ள இடங்களுக்குப் போட்டியிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாளில் உட்கார்ந்தவர், தாய்மார்கள் எதற்குத் தயங்குகிறார்கள், எந்தத் தவணையைத் தவறவிடுகிறார்கள் என்பதை நேரில் அறிந்திருப்பார். அந்த அறிவோடு எம்.டி.க்கு வருகிறவருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். படித்து முடித்த பிறகு மாவட்ட மருத்துவமனைகளின் சீமாங் என்னும் அவசரகாலத் தாய்சேய் நல மையங்களிலும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகளிலும் பணி இருக்கிறது. சேவை ஒப்பந்தத்தின் கால அளவு அவ்வப்போது மாறும். கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஏற்ற துறை என்கிறார்களே?

மகளைப் பற்றித்தான் இப்படிக் கேட்கிறார்கள். மகனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரவுப் பணி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். மகளுக்குப் பிடித்திருந்தால் அது அவளுக்கு ஏற்ற துறை. முதுநிலைத் தேர்வுக்குத் தயாராகும் ஆண்டில் திருமணப் பேச்சை எடுத்து அவளை இரண்டுபக்கமும் இழுக்காமல் இருந்தாலே பெற்றோர் பெரும் உதவி செய்தவர்கள்.

பிறகு வெளிநாட்டில் பணியாற்ற முடியுமா?

முடியும். பிரிட்டனுக்கு எம்.ஆர்.சி.பி.சி.எச். தேர்வு, அதை இந்தியாவிலிருந்தும் எழுதலாம். அமெரிக்காவில் இங்கே எம்.டி. முடித்திருந்தாலும் அங்கே மீண்டும் மூன்றாண்டு பயிற்சி முடித்தாக வேண்டும். அமெரிக்காதான் இலக்கு என்றால் எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே அந்த நாட்டு உரிமத் தேர்வுகளுக்குத் தயாராவது நல்லது.

கலந்தாய்வுக்கு என்னென்ன சான்றிதழ்கள் தயாராக இருக்க வேண்டும்?

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் எங்கே படித்தீர்கள் என்பதற்குப் பள்ளி தரும் சான்று. எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பிளஸ் ஒன் விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள். முடிவுகள் வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நிரம்பி வழியும். அப்போது எழுத்துப்பிழை திருத்த அலைவது கொடுமை.

மருத்துவ இடம் கிடைக்கவே இல்லையென்றால் குழந்தைகளுக்காகப் பணியாற்ற வேறு வழி இல்லையா?

நிறைய இருக்கிறது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு கிலோ எடைக் குழந்தையின் உயிர் இரவு முழுவதும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது. குழந்தையின் நிறம் மாறுவதை முதலில் கவனிப்பவர் அவர்தான். இயன்முறை மருத்துவர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் மாவட்டங்களில் போதவில்லை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்து ஓசைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்து, "அம்மா" என்று சொல்ல வைப்பவர் பேச்சுப் பயிற்சியாளர். அந்தப் பயிற்சிக்காகத் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி அடுத்த மாவட்டத்துக்குப் போவதை இன்றும் பார்க்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்குச் செவித்திறன், பேச்சு மொழி நோயியல் பட்டப்படிப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கலந்தாய்வில் இடம் தேடும்போது அந்தப் பெயரையும் தேடிப் பாருங்கள்.